ஒரே வானவில், இரண்டு போர்

பதக்கம் ஒன்றைக் கையில் வாங்கியதும் எல்லாரும் முகப்பைத்தான் பார்ப்பார்கள்: ராஜா தலை, குதிரை, சிறகு விரித்த பெண். விஷயம் தெரிந்தவர் விளிம்பைப் பார்ப்பார். முதல் உலகப் போருக்காக பிரிட்டன் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தை விளக்கடியில் சாய்த்து மெல்ல உருட்டினால் எண், பதவி, பெயர், பட்டாளம் என்று நான்கும் பொடி எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாம் உலகப் போரின் ஆறுமுனை நட்சத்திரத்தைத் திருப்பினால் முதுகு மொட்டையாக இருக்கும். அந்தப் போரின் பதக்கங்களில் பிரிட்டன் தன் ஆட்களின் பெயரை வெட்டவில்லை. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் வெட்டிக் கொடுத்தன. பிரிட்டன் அந்தச் செலவைக் கணக்குப் பார்த்தது. இரண்டு போரையும் பார்த்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர் ஒருவரின் பதக்க வரிசை வீட்டுப் பெட்டியில் கிடந்தால், முன்பாதி அவர் யாரென்று சொல்லும். பின்பாதி வாய் திறக்காது.

இரண்டு போரிலும் சேவை செய்த சிப்பாய்க்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை லண்டனில் கேட்டால் பட்டியலாகப் பதில் வந்துவிடும். சிங்கப்பூரில், அதுவும் லிட்டில் இந்தியாவில் நின்று கேட்டால் அப்படி வராது. இங்கே இரண்டு போருக்கு நடுவில் பக்கங்கள் இடம் மாறின. ஒரே திடலில் நின்றவர்கள் மூன்று திசையில் பிரிந்தார்கள். யாருடைய மார்பில் எது ஏறியது என்பது அவர்கள் எந்த அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

முதலில் பட்டியலை முடித்துவிடலாம். முதல் போரில் ஆரம்பத்திலேயே களம் புகுந்தவருக்கு 1914 அல்லது 1914-15 நட்சத்திரம். அதோடு பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம். இந்த மூன்றுக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த செல்லப்பெயர் பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட். அன்றைய பத்திரிகைச் சித்திரத்தொடர் ஒன்றில் வந்த நாய், பென்குயின், முயல் ஆகியவற்றின் பெயர்கள் அவை. நட்சத்திரம் இல்லாமல் இரண்டு மட்டும் வாங்கியவருடையதை மட் அண்ட் ஜெஃப் என்றார்கள். இரண்டாம் போரில் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்க்கு உரியவை 1939-45 நட்சத்திரம், பசிபிக் நட்சத்திரம், போர்ப் பதக்கம் ஆகியவை. சண்டைக்களம் போகாமல் இந்தியாவிலேயே மூன்று வருடம் காவல் காத்தவருக்கு இந்திய சேவைப் பதக்கம் என்று ஒன்று தனியாக இருந்தது. பசிபிக் நட்சத்திரத்துக்கான கணக்கு 1941 டிசம்பர் 8-இல் தொடங்குகிறது. பர்மா நட்சத்திரத்துக்கு மூன்று நாள் கழித்து. இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் இரண்டையும் ஒருவர் குத்திக்கொள்ள முடியாது. ஒரு நட்சத்திரம், அதன் நாடாவில் மற்றதன் பெயர் பொறித்த சின்ன உலோகப் பட்டை, அவ்வளவுதான்.

இவை எதுவும் வீரத்துக்காகக் கொடுத்தவை அல்ல. குறித்த தேதிக்குள், குறித்த எல்லைக்குள், படையின் பதிவேட்டில் பெயரோடு இருந்ததற்கான அத்தாட்சி. 1939-45 போர்ப் பதக்கத்துக்கு 28 நாள் சேவை போதும். நம் வீடுகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தாத்தா வாங்கிய மெடல் என்றால் தாத்தா எதிரியின் பீரங்கியை மடக்கியிருப்பார் என்று கதை தானாக வளரும். தாத்தா சமையற்காரராகவோ கோவேறு கழுதை ஓட்டியாகவோ போயிருக்கலாம். அதில் குறைவும் ஒன்றுமில்லை.

குறைவாக நினைத்தது அரசுதான். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஏறத்தாழ 65 லட்சம் வெள்ளியில் அடிக்கப்பட்டது. அதே அச்சில், அதே அளவில், வெண்கலத்தில் அடித்தது சுமார் 1,10,000. வெண்கலம் யாருக்கு என்றால் சீன, மால்டா, இந்தியக் கூலிப்படைகளுக்கு. பள்ளம் வெட்டியவனுக்கும் மூட்டை சுமந்தவனுக்கும் ராஜாவின் தலை ஒன்றுதான், உலோகம் வேறு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளிப் பதக்கம் கஷ்ட காலத்தில் தட்டார் பட்டறைக்குப் போய் உருகியது. வெண்கலத்துக்கு அங்கே விலை இல்லை.

இனி, இரண்டு போரும் கண்ட தமிழ்ச் சிப்பாய். ஆங்கிலேயர் குடும்பங்களில் தாராளமாகக் கிடைக்கும் இந்த இரட்டை வரிசை தமிழர்களிடம் அரிது. வயது ஒரு காரணம்: 1914-இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு 1942-இல் நாற்பத்தாறு. சாதாரணச் சிப்பாய் அதற்குள் பென்ஷனில் ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுபேதாராக உயர்ந்தவரோ மறுபடி அழைக்கப்பட்டவரோதான் தப்பித் தவறி மிஞ்சுவார். பெரிய காரணம் வேறு. 1880-களில் மதராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை தென்னிந்தியன் சண்டைக்கு லாயக்கில்லை என்று தீர்மானித்துவிட்டார். ‘போர்க்குடிகள்’ என்ற அந்தக் கொள்கை அவருக்குப் பின்னும் ஆட்சி செய்தது. முதல் உலகப் போரில் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, கர்நாட்டிக் பட்டாளங்கள், வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று நம் ஊர்ப் பெயர் தாங்கிய படைகள் இருந்தன. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருக்கும் கல், அந்த ஊரிலிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் திரும்பவில்லை என்றும் சொல்கிறது. போர் முடிந்ததும் சிக்கனம் வந்தது. மதராஸ் காலாட்படையை 1928-க்குள் கலைத்தார்கள். பயனியர் படையை 1933-இல். மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது 1941-இல், ஆள் தேவைப்பட்டபோது.

நடுவில் அறுபடாமல் இருந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சேப்பர்ஸ் ஒன்றுதான். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, ரோடு போடுவது அவர்கள் வேலை. பட்டாளத்தில் இன்றைக்கும் அவர்களுக்குப் பெயர் ‘தம்பி’. இரண்டு போரின் நாடாவும் ஒரே மார்பில் தொங்கும் தமிழரைத் தேடுகிறவர்கள் தம்பிகளிடம் தேடுவதே நல்லது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடி ஒன்றின் மேல் படுத்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்ட சுபேதார் சுப்பிரமணியமும் ஒரு தம்பிதான். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். அவருக்கு ஒரு போரே போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் சிங்கப்பூருக்கு வந்துவிடலாம். ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி வெளியே வந்து முஸ்தபா கடைப் பக்கம் நடப்பவர்கள் தலைக்கு மேலே உள்ள தெருப்பலகைகளைப் படிப்பதில்லை. கிச்சனர் ரோடு. வெர்டன் ரோடு. ஸ்டர்டி ரோடு. கொஞ்சம் தள்ளிப் போனால் பெத்தேன் ரோடு, சோம் ரோடு, மார்ன் ரோடு, பீட்டி ரோடு, ஜெல்லிக்கோ ரோடு. ஜாலான் புசார் பக்கம் அலன்பி, மோட், டவுன்ஷெண்ட், டிர்விட், ஃபோஷ். முதல் உலகப் போரின் தளபதிகளையும் போர்க்களங்களையும் நகராட்சி இந்த வட்டாரத்தில் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. இட்லி மாவும் ஊதுபத்தியும் வாங்கப் போகிற தெருவுக்கு ஃபிரான்சின் கொலைக்களம் ஒன்றின் பெயர்.

ஸ்டர்டி ரோட்டில் தமிழருக்கு ஒரு பங்கு உண்டு. 1914 டிசம்பரில் ஃபாக்லாந்து தீவருகே அட்மிரல் ஸ்டர்டி மூழ்கடித்தது எந்த ஜெர்மன் கப்பல் அணியையோ அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் எம்டன். செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டு, அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளும் புகுந்து அடித்த அதே எம்டன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். நவம்பரில் கோகோஸ் தீவில் அதை முடித்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல். எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களை எடுத்து, தலையில் கிரீடமும் வளையமும் பற்றவைத்து, சிட்னியின் மாலுமிகளுக்கு நினைவுப் பதக்கமாகக் கொடுத்தார்கள். எதிரியின் கல்லாப்பெட்டியிலிருந்தே பதக்கம்!

டவுன்ஷெண்ட் ரோடு கொஞ்சம் கசப்பானது. மெசபடோமியாவில் கூட் என்ற ஊரில் முற்றுகைக்குள் மாட்டி, 1916 ஏப்ரல் 29-இல் ஏறக்குறைய 13,000 பேரோடு துருக்கியரிடம் சரணடைந்தவர் டவுன்ஷெண்ட். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். சிறைபோன சிப்பாய்கள் பாலைவனத்தில் நடந்தே செத்தார்கள். தளபதி இஸ்தான்புல் அருகே தீவில் சௌகரியமாக இருந்தார். தோல்விக்கும் ஒரு தெரு கிடைத்தது. அந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில், 26 வருடம் கழித்து, அதைவிடப் பெரிய சரணாகதி ஒன்றில் இந்தியச் சிப்பாய்கள் கைமாறப்போகிறார்கள் என்பதைப் பெயர் வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

என்னை அதிகம் நிறுத்துவது ஃபோஷ் ரோடுதான். வெற்றி பெற்ற நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி ஒரு பதக்கம் அடிக்கலாம் என்று 1919-இல் யோசனை சொன்னவர் மார்ஷல் ஃபோஷ். உருவம் அவரவர் இஷ்டம். நாடா மட்டும் எல்லாருக்கும் ஒன்று. இரண்டு வானவில்லை அருகருகே வைத்து, சிவப்பு நடுவில் சேரும்படி நெய்த பட்டு நாடா அது. பிரிட்டனும் அதன் சாம்ராஜ்யமும் அடித்ததில் சிறகு விரித்த வெற்றித் தேவதை. பின்புறம் ‘நாகரிகத்துக்கான மாபெரும் போர்’ என்ற வாசகம். இந்தியச் சிப்பாய் வாங்கியதும் இதுவே. ஜப்பான் அடித்ததில் தேவதைக்குப் பதில் ஈட்டி பிடித்த ஷின்டோ போர்த்தெய்வம். ஆம், அன்று ஜப்பான் நேசநாடு. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த யமஷிதா, 1914-இல் சீனத்தின் ஷான்டுங்கில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவர். சரணாகதி கையெழுத்தான புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களின் படைகளில் ஒரே வானவில் நாடாவுக்கு உரிய மூத்த ஆட்கள் இருந்தார்கள்.

அந்த நேசத்துக்குச் சிங்கப்பூரிலேயே ரத்தசாட்சி உண்டு. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்சாண்ட்ராவில் முகாமிட்டிருந்த 5-ஆம் லைட் இன்ஃபன்ட்ரியின் முஸ்லிம் சிப்பாய்கள், தங்களைத் துருக்கிக்கு எதிராக அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தியில் கலகம் செய்தார்கள். தங்லினில் சிறையிருந்த எம்டன் மாலுமிகளையும் திறந்துவிட்டார்கள். அடக்க வந்தவர்களில் பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்காரர்களோடு ஜப்பானிய மாலுமிகளும் இருந்தார்கள். விசாரணைக்குப் பின் 47 பேரை ஊட்ரம் சிறைச்சுவரோரம் ஊரைக் கூட்டிவைத்துச் சுட்டார்கள். எஞ்சிய பட்டாளம் காமெரூனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. ஒரே படையில் ஒருவனுக்குச் சுவர், இன்னொருவனுக்குப் பதக்கத் தகுதி. 27 வருடம் கழித்து அதே பிப்ரவரி 15-இல்தான் சிங்கப்பூர் விழுந்தது.

இரண்டு போர்ப் பதக்கமும் வாங்கிய பெயர் தெரிந்த ஆட்களைக் கேட்டால் அதிகாரிகள்தான் வருகிறார்கள். சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், 1914-இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, சோம் போர்க்களத்தில் மிலிட்டரி கிராஸும் பிறகு டிஎஸ்ஓவும் வாங்கியவர். முதல் போரின் பதக்கங்கள் அவருடைய துணிச்சலுக்குச் சாட்சி. இரண்டாம் போருக்குப் பின் அந்தப் பதவியில் இருந்தவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ‘சர்’ பட்டம்கூட வரவில்லை. ஆஸ்திரேலியப் படையின் சார்ல்ஸ் ஆண்டர்சன் முதல் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மிலிட்டரி கிராஸ் வாங்கினார். 1942 ஜனவரியில் மூவாரிலிருந்து பாரிட் சூலோங் வரை போரிட்டுப் பின்வாங்கியதற்கு விக்டோரியா கிராஸ். அதை நெஞ்சில் குத்திக்கொள்ள மூன்றரை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது, ஜப்பானியர் சிறையில். இந்தியப் படையின் கம்மிங்கும் இரண்டு போரிலும் பதக்கம் வாங்கியவர். முதல் போரில் மிலிட்டரி கிராஸ். 1942 ஜனவரி 3-இல் குவாந்தான் விமானத்தளத்தில் வயிற்றில் இரண்டு பயனட் குத்தோடு போராடியதற்கு விக்டோரியா கிராஸ். தோற்ற போரிலும் உயர்ந்த பதக்கங்கள் விழுந்திருக்கின்றன. ஆனால் அவற்றைப் பெற யாராவது மேலதிகாரி பார்த்திருக்க வேண்டும், எழுதியனுப்ப உயிரோடு இருக்க வேண்டும்.

1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 45,000 பேரை ஃபேரர் பார்க் திடலில் திரட்டினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் பிரிக்கப்பட்டு சாங்கிக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். கர்னல் ஹண்ட் ஆட்களை ஒப்படைத்தார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலமாகவும் இந்துஸ்தானியாகவும் மாறி ஒலிபெருக்கியில் வந்தது. பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். ஒரே திடல், ஒரே வெயில். சேர்ந்தவர்கள் இந்தியத் தேசிய ராணுவமானார்கள். மறுத்தவர்களில் பல்லாயிரம் பேர் நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள், திரும்பியவர்கள் கொஞ்சம். பஹவல்பூர் படையின் கேப்டன் மஹ்மூத் கான் துரானி மலாயாவில் பிடிபட்டவர். ஜப்பானியரின் ஒற்றர் திட்டத்தைக் கெடுத்ததற்காகச் சித்திரவதைப்பட்ட அவருக்கு 1946-இல் ஜார்ஜ் கிராஸ் வந்தது. மறுபக்கம் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் அரசும் தன் பதக்கங்களை வைத்திருந்தது: ஷேர்-ஏ-ஹிந்த், சர்தார்-ஏ-ஜங், வீர்-ஏ-ஹிந்த், உயிர்த்தியாகத்துக்கு ஷஹீத்-ஏ-பாரத். 1944 ஏப்ரல் 14-இல் மணிப்பூரின் மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏற்றிய ஷௌகத் மாலிக் பெற்றது சர்தார்-ஏ-ஜங்.

இரண்டு போரையும் ஒரே நோக்கத்தோடு கடந்தவர் என்று ஒருவரைச் சொல்லலாமென்றால் அது ராஷ் பிஹாரி போஸ். 1915 பிப்ரவரியில் வட இந்தியப் பட்டாளங்களில் கலகம் மூட்டத் திட்டமிட்டு, அது உடைந்ததும் ஜப்பானுக்குத் தப்பியவர். 1943 ஜூலை 4-இல் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் இயக்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் அவரே. ஜப்பான் அவருக்கு உதயசூரியன் விருதின் இரண்டாம் வகுப்பைக் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆவணங்களில் அவர் தேடப்பட்ட குற்றவாளி.

சுபாஷ் வந்த பிறகு ராணுவத்தின் நிறம் மாறியது. பஞ்சாபிச் சிப்பாய்களின் படையாகத் தொடங்கியதில் மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் 1943 அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைமை, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் இவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்த பழைய சிப்பாய்க்கு வேலையும் போனது, பாக்கிச் சம்பளமும் போனது. நேற்றுவரை தோட்டத்தில் பால் வெட்டியவருக்குத் தரமே கிடையாது. தோட்டத்துக்குத் திரும்பிப் போகலாம். 1972-இல், சுதந்திரத்தின் வெள்ளிவிழாவில், இந்திய அரசு விடுதலைப் போராளிகளுக்குத் தாமிரப் பட்டயமும் பென்ஷனும் அறிவித்தபோது இந்தியத் தேசிய ராணுவத்தினரும் அதில் வந்தார்கள். கேப்டன் லட்சுமிக்கு 1998-இல் பத்மவிபூஷண். ஏறத்தாழ முப்பது வருடம் தாமதித்து வந்த செம்புத் தகட்டை, உடனே வந்த நட்சத்திரத்தைவிட நான் கனமாகவே மதிக்கிறேன். நட்சத்திரம் சம்பளப் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தது. தகட்டைக் கொடுக்க ஓர் அரசு தன் கணக்கையே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

கணக்கிலேயே வராதவர்களும் உண்டு. 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் உழைத்தார்கள்; அவர்களுக்கு நட்சத்திரம் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெரும் தொகை. காலராவில் கும்பல் கும்பலாகச் செத்தவர்கள் எந்தப் படையின் பதிவேட்டிலும் இல்லை. முதல் போரில் கூலிப்படைக்கு வெண்கலமாவது இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது ஆர். சண்முகத்தின் நாவல் ஒன்று.

அடுத்த தலைமுறையின் இரண்டு போர்கள் வேறு. மலாயா அவசரகாலம் (1948-1960), இந்தோனேசிய மோதல். அவற்றுக்குப் பொதுச் சேவைப் பதக்கம்; எந்தச் சண்டை என்பதை நாடாவில் உள்ள பட்டை சொல்லும். பதக்கத்தைவிடப் பட்டையைப் பார்ப்பதே அங்கே விஷயம்.

எஸ்பிளனேடில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன்பக்கம் முதல் போருக்கு. இந்தக் குடியேற்றத்திலிருந்து போய் மாண்ட 124 பேருக்காக எழுப்பி, 1922 மார்ச் 31-இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தது. பின்பக்கம் இரண்டாம் போருக்கு. அதன் முதுகிலேயே 1939, 1945 என்று வெட்டி, நாம் வாழ அவர்கள் மாண்டார்கள் என்ற கருத்தை நான்கு மொழியில் எழுதினார்கள். தமிழ் பின்பக்கத்தில் இருக்கிறது. அருகிலேயே, 1945 ஜூலை 8-இல் சுபாஷ் அடிக்கல் நாட்டி எழுந்த இந்தியத் தேசிய ராணுவ நினைவுத்தூணை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வந்தது.

கிராஞ்சி நினைவுச் சுவரில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். தனியே ஒரு பக்கம், தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கான நினைவிடம்; பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் ஆளின் எண்ணும் பதவியும் பெயரும் முதலில், பட்டாளம் கடைசியில். கிராஞ்சிச் சுவரில் பட்டாளம் தலைப்பில், கீழே பதவி, அதற்கும் கீழே பெயர். பேரனோ பேத்தியோ தேடி வந்தால் முதலில் பட்டாளத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.